பெயர் மட்டும் பிழைத்த நூல்கள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

முன்னுரை

மறைந்துபோன நூல்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மவர் இருவகையாகப் பேசுவர். "கடல் கொண்டது, கறையான் அரித்தது, எல்லாம் போயிற்று" என்று பெருமூச்சு விடுவோர் ஒரு சாரார். நூலின் பெயர் ஒன்று கிடைத்தவுடன், அந்நூலில் விமானம் இருந்தது, அணுவியல் இருந்தது, அறுவை மருத்துவம் இருந்தது என்று மேடையில் முழங்குவோர் மற்றொரு சாரார். முன்னவர்க்குக் கிடைப்பது கண்ணீர். பின்னவர்க்குக் கிடைப்பது கைதட்டல். இரண்டினாலும் நூல் கிடைத்தபாடில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. கிடைத்த பெயரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, நிதானமாகக் கேள்வி கேட்பதே அது. நான் பயில்வது கணிதம். தெரியாக் கணியங்கள் மூன்று இருக்க, சமன்பாடு ஒன்றே கையில் இருந்தால் ஒரே விடை கிடைக்காது. மேலும் இரண்டு சமன்பாடுகள் வேண்டும் என்பது எங்கள் பாடத்தின் பால பாடம். நூற்பெயரும் அத்தகைய ஒற்றைச் சமன்பாடே. அதனோடு வேறு சான்றுகளைச் சேர்த்தால்தான் விடை வரும். தமிழில் தோன்றி மறைந்த தத்துவ நூல்களின் பெயர்களை இம்முறையில் ஆராய்ந்தால் என்ன கிடைக்கிறது, எங்கே நின்றுவிட வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர்கள் எங்கிருந்து கிடைக்கின்றன?

பனையோலைக்கு ஆயுள் குறைவு. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஏடு மூன்று நான்கு நூற்றாண்டுகளைத் தாண்டுவது அரிது. அதற்குள் எவரேனும் படியெடுத்தால் நூல் வாழும், இல்லையேல் மாயும். எனவே, ஒரு நூல் அழிய வெள்ளமும் நெருப்பும் வர வேண்டுவதில்லை. படியெடுப்பார் இல்லாமற்போனாலே போதும். பௌத்தமும் ஆசீவகமும் தமிழகத்தில் ஆதரவு இழந்தபோது அவற்றின் தமிழ் நூல்களுக்கு நேர்ந்தது இதுவே.

நம் ஊருக்குச் சுமார் 24 கி.மீ. தொலைவிலுள்ள பூம்புகாரை எண்ணிப் பாருங்கள். மணிமேகலை பிறந்த ஊர் அது. அங்கே பல்லவனேச்சுரத்தில் தொல்பொருள் துறையினர் தோண்டியபோது பௌத்த விகாரத்தின் அடித்தளமும் புத்தரின் பாதம் செதுக்கிய கல்லும் கிடைத்தன. அதே காவிரிப்பூம்பட்டினத்தில் தங்கி எழுதிய புத்ததத்தர் என்னும் துறவியின் அபிதம்மாவதாரம் இன்றும் கிடைக்கிறது. காரணம், அது பாலி மொழியில் அமைந்தது. இலங்கையிலும் பர்மாவிலும் பிக்குகள் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்தனர். தமிழிலே எழுதிய பௌத்தருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களுடைய நூல்களுள் பலவற்றிற்குப் பெயர் மட்டுமே மிஞ்சியது.

அப்பெயர்கள் நமக்குக் கிடைப்பது பழைய உரைகளிலிருந்து. யாப்பருங்கல விருத்தி, நீலகேசி உரை, சிவஞான சித்தியார் பரபக்க உரை போன்றவற்றில், இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாகவோ மறுப்பதற்காகவோ சில நூல்கள் பெயர் சுட்டப்படுகின்றன. இவற்றையெல்லாம் தேடித் தொகுத்து 'மறைந்து போன தமிழ் நூல்கள்' என்னும் நூலாக 1959இல் வெளியிட்டார் மயிலை சீனி. வேங்கடசாமி. எந்தப் பெயர் எந்த உரையில், எந்தச் சூழலில் வருகிறது என்பதையும் அவர் உடன் தந்தார். அந்தச் சூழல்தான் நமக்கு வேண்டிய இரண்டாவது சமன்பாடு.

யவனர் நாட்டிலும் இதே நிலை

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. அணுக்கொள்கையின் தந்தை என்று நம் பாடநூல்கள் போற்றும் டெமாக்ரிட்டசு கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினர். அவர் எழுதியவை சுமார் எழுபது. அவற்றுள் ஒன்றுகூட முழுமையாக இன்று இல்லை. திராசில்லசு என்பவர் அவற்றை நான்கு நான்காக வகைப்படுத்தி வைத்த பட்டியலை, கி.பி. மூன்றாம் நூற்றாண்டினரான டயோஜெனிசு லேர்ட்டியசு தம் நூலில் குறித்து வைத்ததால் பெயர்கள் பிழைத்தன.

அப்பட்டியலில் ஒரு கணித நூலின் பெயர் என் போன்ற மாணவரை நிறுத்தி வைக்கிறது. "கருத்து வேற்றுமை பற்றி, அல்லது வட்டமும் கோளமும் தொடுதல் பற்றி" என்பது அப்பெயர். கருத்து வேற்றுமைக்கும் வட்டத்துக்கும் என்ன தொடர்பு? கருத்து என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல் 'க்னோமே'. கோணம் என்னும் பொருள் தரும் சொல் 'கோனியா'. இரண்டும் எழுத்தில் நெருங்கியவை. படியெடுத்தவர் கையில் கோணம் கருத்தாக மாறியிருக்கக்கூடும் என்று கணித வரலாற்றறிஞர் தாமஸ் ஹீத் கருதினார். வட்டத்தை ஒரு நேர்கோடு தொடும் இடத்தில், கோட்டுக்கும் வட்டத்துக்கும் இடையே உள்ள கோணம் எத்தகையது என்பது யூக்ளிடு தம் மூன்றாம் புத்தகத்தில் எடுத்துக்கொண்ட சிக்கல். 'கோணம்' என்று படித்தால் பெயரின் இரு பாதிகளும் பொருந்துகின்றன. ஓரிரு எழுத்து மாறியதால் ஒரு கணித நூல் தருக்க நூலாகத் தோன்றிய கதை இது! ஆயினும், அது பொருத்தமான ஊகமே தவிர நிறுவப்பட்ட தேற்றம் அன்று. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம்.

முதற் கேள்வி: அன்றைய பொருளா, இன்றைய பொருளா?

'சித்தாந்தத் தொகை' என்று ஒரு நூல் இருந்தது. மயிலாடுதுறையில் இப்பெயரைச் சொல்லி எவரைக் கேட்டாலும் அது சைவ நூல் என்றே விடை வரும். தருமபுரம் ஆதீனம் ஊரிலேயே இருக்கிறது. திருவாவடுதுறை ஆதீனமும் தொலைவில் இல்லை. நம் காதுக்குச் சித்தாந்தம் என்றாலே சைவ சித்தாந்தம்தான். ஆனால் சித்தாந்தத் தொகை ஒரு பௌத்த நூல்! சித்தாந்தம் என்ற சொல்லுக்கு 'ஆராய்ந்து கண்ட முடிவு' என்பதே பொது நிலைப் பொருள். எந்தச் சமயத்தாரும் தம் முடிவைச் சித்தாந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். பிற்காலத்தில் ஒரு சமயத்துக்கே அச்சொல் உரிமையாகிவிட்டதால், பழைய பெயரைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம்.

தத்துவ நூல் அல்லாத ஒன்றையும் இங்கே ஒப்பிடலாம். 'தகடூர் யாத்திரை' என்பதைக் கேட்டால் இன்று நமக்கு இராமேசுவர யாத்திரையும் காசி யாத்திரையும் நினைவுக்கு வரும். ஆனால் அந்நூல் பாடியது சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர் மேல் படையெடுத்துச் சென்ற போரை. யாத்திரை என்பதற்குப் படைச்செலவு என்ற பொருளும் உண்டு. புறத்திரட்டில் அதன் பாடல்கள் சில கிடைத்ததால் இதில் நாம் தப்பினோம். பாடல்களும் கிடைக்காதிருந்தால் அதை ஒரு தலபுராணம் என்றே எழுதியிருப்போமோ என்னவோ!

இரண்டாம் கேள்வி: பெயர், நூலின் முகமா, உள்ளமா?

நம் மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்த திருஞானசம்பந்தர், மதுரையில் பாடிய பதிகம் ஒன்றில் கிளிவிருத்தம், எலிவிருத்தம் என்னும் சமண நூல்களைச் சுட்டுகிறார். இரண்டும் இன்று இல்லை. பெயரை மட்டும் பார்த்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கான விலங்குக் கதைகள் என்று தோன்றும். நல்லவேளையாக, திருத்தக்கதேவர் இயற்றியதாகக் கூறப்படும் நரிவிருத்தம் கிடைக்கிறது. யானை ஒன்றும், வேடன் ஒருவனும், பாம்பு ஒன்றும் ஒரே இடத்தில் இறந்து கிடக்கின்றன. அங்கு வந்த நரி, யானை இத்தனை மாதத்துக்கு ஆகும், மனிதன் இத்தனை நாளுக்கு ஆவான் என்று கணக்குப் போட்டுவிட்டு, முதலில் வில்லின் நாணைக் கடிக்கிறது. நாண் அறுந்து வில் நிமிர்ந்து அதன் உயிரைப் பறிக்கிறது. பேராசையும் நிலையாமையும் பற்றிய அறவுரைக்கு நரிக்கதை ஒரு கைப்பிடி, அவ்வளவே. ஆகவே, எலியும் கிளியும் இதே போன்ற அற நூல்களாக இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. உடன்பிறப்பு ஒன்று உயிரோடு இருந்தால் இறந்தவர் சாயலை ஓரளவு அறியலாம் அன்றோ?

குண்டலகேசியும் அவ்வாறே. பெயருக்குச் 'சுருண்ட கூந்தலுடையவள்' என்று பொருள். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான இந்நூலை இயற்றியவர் நாதகுத்தனார். பெயரைக் கேட்டால் ஓர் அழகியின் காதற்கதை என்று தோன்றும். ஆனால் பாலி மரபுக் கதை வேறு சொல்கிறது. பத்திரை என்னும் பெண் சமணத் துறவு ஏற்றபோது அவள் தலைமயிர் பறிக்கப்பட்டது. மீண்டும் வளர்ந்தபோது சுருள் சுருளாக வளர்ந்தது. அதனால் குண்டலகேசி என்னும் பெயர் வந்தது. பின்னர் அவள் ஊர் ஊராகச் சென்று நாவல் மரக்கிளையை நட்டு வைத்து, வாதுக்கு வருவோரை அழைத்து வென்றாள். இறுதியில் புத்தரின் மாணவர் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத் துறவியானாள். ஆக, அந்தச் சுருள்முடி அழகின் அடையாளம் அன்று, துறவின் அடையாளம். பெயரின் சொற்பொருள் தெரிந்தும், கதை தெரியாவிடின் பெயர் நம்மை நேர்எதிர்த் திசையில் கொண்டுபோய் விட்டுவிடும்.

குண்டலகேசிக்கு மறுப்பாகச் சமணர் எழுதியது நீலகேசி. இது முழுமையாகக் கிடைத்துள்ளது. இவை தவிர அஞ்சனகேசி, பிங்கலகேசி, காலகேசி என்னும் பெயர்களும் பழைய உரைகளில் காணப்படுகின்றன. அஞ்சனம் என்பது மை. பிங்கலம் என்பது பொன்மை கலந்த நிறம். காலம் என்பது கருமை. எல்லாம் கூந்தலைச் சொல்லும் பெயர்கள். கிடைத்த இரண்டும் பெண் ஒருத்தி பிற சமயத்தாரோடு வாதிடும் நூல்களாதலால், கிடைக்காத மூன்றும் அவ்வகையினவே என்று கருத நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் இங்கேயே நிற்க வேண்டும். அஞ்சனகேசி யாரை எதிர்த்து வாதிட்டாள், வென்றாளா, எந்த வாதத்தால் வென்றாள் என்பவற்றுக்குப் பெயரில் விடை இல்லை.

ஒரு கற்பனை செய்து பாருங்கள். மணிமேகலைக் காப்பியமும் அழிந்து, பெயர் மட்டும் மிஞ்சியிருந்தால்? இடையில் அணியும் மணிகள் பதித்த அணிகலனைப் பற்றிய நூல் என்றோ, கடல் தெய்வத்தைப் பற்றிய துதி என்றோ எழுதியிருப்போம். உள்ளே இருபத்தேழாம் காதையில் பத்துச் சமயவாதிகள் தத்தம் கொள்கையை விளக்குவதையோ, இருபத்தொன்பதாம் காதையில் அளவையியல் இலக்கணம் விரிவாகச் சொல்லப்படுவதையோ எவரும் கனவிலும் கருதியிருக்க மாட்டார். நூலின் பதிகம் இதனை 'மணிமேகலை துறவு' என்று சொல்கிறது. அந்த இரண்டாவது சொல்லை நாம்தான் வழக்கத்தில் கைவிட்டோம்.

மூன்றாம் கேள்வி: எண்ணும் எழுத்தும்

'முத்தொள்ளாயிரம்' எங்கள் வகுப்புக்கு ஏற்ற கணக்கு. மூவேந்தரையும் பற்றித் தலைக்குத் தொள்ளாயிரம் பாடல் என்றால் மொத்தம் 2,700. மூவேந்தர்க்கும் சேர்த்துத் தொள்ளாயிரம் என்றால் ஆளுக்கு 300. இரு கருத்துக்கும் ஆதரவாளர் உண்டு. புறத்திரட்டின் வழியாகக் கிடைத்தவை நூற்றுச் சொச்சம் பாடல்களே. ஒரே பெயரில் ஒரு விடைக்கும் மற்றொரு விடைக்கும் மூன்று மடங்கு வேறுபாடு!

தத்துவ நூல்களுள் 'நவகதிர்' என்பது இவ்வகையில் கவனிக்கத்தக்கது. ஆசீவகருடைய நூலாக நீலகேசி வழியாக நமக்குத் தெரியவரும் பெயர் இது. 'ஒன்பது கதிர்கள்' என்று ஆராய்ச்சியாளர் பொருள் கொள்வர். ஆனால் 'நவ' என்பது ஒன்பதையும் குறிக்கும், புதுமையையும் குறிக்கும். 'கதிர்' என்பது ஞாயிற்றின் ஒளியையும் குறிக்கும். நூல் நூற்கும் கருவியையும் குறிக்கும். நம் டெல்டாப் பகுதியில் பிறந்தவருக்கோ, வயலில் தலைசாய்ந்து நிற்கும் நெற்கதிரே முதலில் நினைவுக்கு வரும். இரண்டு பொருளை மூன்று பொருளால் பெருக்கினால் ஆறு. ஆறில் எது என்பதைப் பெயரே சொல்லாது. சமய நூலாதலால் ஒளி என்று கொள்வது இயல்பாகப் பொருந்துகிறது. அவ்வளவே நாம் சொல்லத்தக்கது.

நல்லவேளையாக ஆசீவகத்தின் உள்ளடக்கம் பற்றி மணிமேகலை பேசுகிறது. 'மற்கலி நூல்' கூறுவதாக அது தரும் செய்தியின் சுருக்கம் இது: நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று அணுக்கள் ஐவகை; அவை சேரும், பிரியும்; ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. தனி அணுவைச் சாதாரணக் கண்ணால் காண இயலாது. அந்தி நேரத்தில் ஒற்றை மயிர் கண்ணுக்குத் தெரியாது. திரண்ட கூந்தல் தெரியும். அதுபோல அணுக்கள் திரண்டால்தான் தெரியும் என்று ஓர் உவமையும் வருகிறது. எவ்வளவு அழகான விளக்கம்! இதைப் படித்துவிட்டு, "டால்டனுக்கு முன்பே நம்மவர் கண்டனர்" என்று முழங்க எனக்கும் ஆசைதான். ஆனால் உயிரையும் ஓர் அணுவாக எண்ணிய கொள்கைக்கும், எடை விகிதங்களை அளந்து அமைத்த வேதியியல் கொள்கைக்கும் உள்ள தூரத்தை மறைத்துப் பேசினால், அது அந்தப் பழைய அறிஞருக்குச் செய்யும் பெருமை ஆகாது. அவர்கள் கேட்ட கேள்வி வேறு. அக்கேள்வியைக் கேட்டதே பெருமை.

நான்காம் கேள்வி: ஆளின் பெயரா, நூலின் பெயரா?

மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் அளவைவாதி பேசும்போது, அறிவைப் பெறும் வழிகள் எத்தனை என்பதில் மூவர் பெயரைச் சொல்கிறான். வேதவியாசர் பத்து என்றாராம். கிருதகோடி எட்டு என்றாராம். சைமினி ஆறு என்றாராம். வியாசரும் சைமினியும் தெரிந்தவர்கள். கிருதகோடி யார்?

1915இல் திருவனந்தபுரத்தில் டி. கணபதி சாஸ்திரி 'பிரபஞ்ச ஹிருதயம்' என்னும் வடமொழி நூலைப் பதிப்பித்தார். அதில், மீமாம்சை நூலுக்குப் போதாயனர் செய்த உரையின் பெயர் கிருதகோடி என்று இருந்தது! அந்த உரை இன்று இல்லை. அப்படியானால் மணிமேகலை ஆசிரியராகச் சொல்வது ஒரு நூலின் பெயரையா? நூலின் பெயரே ஆசிரியருக்கு ஆகிவந்ததா? நம் வழக்கிலும் இது உண்டு. "தொல்காப்பியம் சொல்கிறது" என்கிறோம்; நூலை ஓர் ஆளைப் போலவே பேச வைக்கிறோம். எப்படியாயினும், நம் பூம்புகாரைப் பாடிய ஒரு தமிழ்க் காப்பியமும், மலையாள நாட்டில் அச்சேறிய ஒரு வடநூலும் ஒன்றை ஒன்று விளக்குகின்றன. தனியே நின்றால் இரண்டும் அரைகுறை. ஒரு மொழியின் ஏடுகளுக்குள்ளேயே தேடினால் இச்சிக்கல் அவிழாது என்பதற்கு இது தக்க சான்று.

மறுத்தவரே காத்தவர்

இதுவரை கண்டவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் வியப்பான உண்மை ஒன்று புலப்படும். சித்தாந்தத் தொகை என்னும் பௌத்த நூல் நமக்குத் தெரிவது எதனால்? சைவராகிய அருணந்தி சிவாசாரியார் பிற சமயங்களை மறுத்து எழுதிய சிவஞான சித்தியார் பரபக்கத்துக்கு ஞானப்பிரகாசர் உரை எழுதியதனால். விம்பசார கதை என்னும் பௌத்தக் காப்பியத்தின் பெயர் பிழைத்தது எதனால்? சமணராகிய வாமன முனிவர் நீலகேசிக்கு எழுதிய உரையினால். நவகதிர் தெரிவதும் சமணரால். குண்டலகேசியில் இன்று முழுமையாகக் கிடைப்பவை இருபதுக்கும் குறைவான பாடல்களே. அதன் வாதங்கள் இன்னின்னவை என்று விரிவாக அறியும் இடம், அதைக் கண்டிக்கவே எழுந்த நீலகேசிதான்.

நண்பர்கள் மறந்தனர், எதிரிகள் நினைவில் வைத்தனர். மறுப்பதற்கு முன் எதிராளியின் வாதத்தை எடுத்து எழுத வேண்டும் என்ற நெறி அக்காலத்தில் இருந்தது. அதைப் பூருவபக்கம் என்பர். அந்த நெறி இல்லாதிருந்தால் இந்த நூல்களின் நிழல்கூட நமக்குக் கிட்டியிராது. அதே வேளையில் எச்சரிக்கையும் தேவை. எதிர்க்கட்சி வக்கீல் எழுதிய குறிப்பைக் கொண்டு வழக்கு முழுவதையும் அறிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. நீலகேசியில் குண்டலகேசிக் கட்சி தோற்கிறது. அது நீலகேசி ஆசிரியர் எழுதிய தீர்ப்பு. நாதகுத்தனாரின் நூலில் வெற்றி யார் பக்கம் என்பதைச் சொல்லவா வேண்டும்!

இந்த நீலகேசியை உரையுடன் 1936இல் பதிப்பித்தவர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் முதல்வராக இருந்த அ. சக்கரவர்த்தி நயினார். மணிமேகலையை அரும்பத உரையுடன் 1898இல் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் அதே கல்லூரியில் தமிழாசிரியர். 1871இல் மாயூரத்துக்கு வந்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தவர். பௌத்தர் அல்லாத ஒருவர் பௌத்த காப்பியத்தை மீட்டார். அரசினர் கல்லூரி ஆசிரியர்கள் இருவர் செய்த இத்தொண்டை ஓர் அரசினர் கல்லூரி மலரில் நினைவுகூர்வது பொருத்தமேயாகும்.

நம் வீட்டு ஏடுகள்

நீலகேசி உரைகாரர் குண்டலகேசிப் பாடல்களைக் குறிக்கும்போது பல இடங்களில் முதற்சொற்களை மட்டும் தந்துவிட்டு மேலே செல்கிறார். முழுப் பாடலையும் எழுதியிருக்கக் கூடாதா என்று நமக்கு ஆற்றாமை எழுகிறது. அவர் எழுதாததற்குக் காரணம் எளிது. மீதியைப் படிப்பவர் அறிவர் என்று அவர் நம்பினார். எல்லோருக்கும் தெரிந்ததை எவரும் எழுதுவதில்லை. எழுதாதது ஒரு நாள் எவருக்கும் தெரியாததாகிவிடுகிறது.

இதை நான் நூலில் மட்டும் காணவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியது நானே முதல். எங்கள் அப்பாயி குறுவைக்கும் சம்பாவுக்கும் நடவு நட்டே காலம் கழித்தவர்; கையெழுத்துப் போட அறியாதவர். நடவுப் பாட்டில் எத்தனை வகை என்று கேட்டால் விரல்விட்டுப் பெயர் சொல்வார். பாடச் சொன்னால் முதலடி வரும்; அடுத்த அடி வராது. "அதைத்தான் எல்லாப் பொம்பளைகளும் சேர்ந்து எடுப்பாங்களே, நான் ஒருத்தி என்னத்தைப் பாடறது?" என்பார். உடன் பாடியவர்களுள் பலர் இன்று இல்லை. வயலில் இப்போது நடவு இயந்திரம் இறங்குகிறது. ஆக, பெயரும் முதற்சொல்லும் மட்டும் எஞ்சிய நூல் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது!

சென்ற ஆண்டு முதல் ஒரு நோட்டில் அப்பாட்டுகளை எழுதி வருகிறேன். அடி குறைந்தால் குறைந்தபடியே எழுதுகிறேன். நானாக இட்டு நிரப்புவதில்லை. பாட்டின் பெயரோடு, பாடியவர் யார், எந்த ஊர், நாற்றுப் பறிக்கும்போது பாடியதா, நடும்போதா, கரையேறும்போதா என்பதையும் குறிக்கிறேன். வெறும் பெயரால் பயன் இல்லை, சூழலோடு கூடிய பெயரே சாட்சி சொல்லும் என்பதை மறைந்த நூல்களின் பட்டியல்தான் எனக்குக் கற்பித்தது.

முடிவுரை

அறிவியல் இத்துறையில் புதிய கதவு ஒன்றைத் திறந்திருக்கிறது. கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை வெடித்தபோது இத்தாலியில் எர்க்குலேனியம் என்னும் ஊரில் ஒரு நூலகமே புதையுண்டது. 1752இல் அந்தச் சுருள்கள் கரிக்கட்டைகளாகக் கிடைத்தன. பிரித்தால் நொறுங்கும், பிரிக்காமல் படிக்க இயலாது. இப்போது எக்ஸ்ரே கதிர்களாலும் கணிப்பொறியாலும் பிரிக்காமலே படிக்கிறார்கள். 2023இல் பிரிக்கப்படாத ஒரு சுருளில் முதல் சொல்லைப் படித்தவர் 21 வயதுக் கல்லூரி மாணவர். அச்சொல்லுக்கு ஊதா நிறம் என்று பொருள். 2025இல் ஆக்ஸ்போர்டிலுள்ள வேறொரு சுருளின் பெயரே உள்ளிருந்து படிக்கப்பட்டது. பிலோடெமசு என்னும் தத்துவ ஆசிரியர் எழுதிய 'தீயொழுக்கங்கள் பற்றி' என்பது அது. முதலில் பெயர் கிடைத்திருக்கிறது; நூல் பின்னே வரும் என்று காத்திருக்கிறார்கள்.

நம் ஏடுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கறையான் தின்றதை எந்தக் கதிரும் மீட்டுத் தராது. நமக்குள்ள வழிகள் இரண்டே. பிழைத்த பெயர்களிடம் பொறுமையாகக் கேள்வி கேட்பது ஒன்று. அவை சொல்லாததை அவற்றின் வாயில் திணிக்காதிருப்பதும் அதில் அடங்கும். இன்னும் அழியாதிருப்பதை இன்றே எழுதி வைப்பது மற்றொன்று. இம்மலரைப் படிக்கும் தோழர்களுள் பலர் தம் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் தலைமுறையினர். தாத்தாவின் வைத்தியமோ, பாட்டியின் பாட்டோ, நாற்றங்கால் கணக்கோ, பெயர் மட்டும் மிஞ்சுவதற்கு முன் ஒரு நோட்டில் ஏற வேண்டும். அதற்குப் புலமை வேண்டுவதில்லை. ஒரு பேனாவும், கேட்டதைக் கேட்டபடியே எழுதும் நேர்மையும் இருந்தால் போதும்.